அத்திமரத்துக்குக் கிடைத்த ஓராண்டு

'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்ற பழமொழி தமிழ்நாட்டில் மத வேறுபாடில்லாமல் புழங்குகிறது. பணத்தைப் பறிகொடுத்தவர் தம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்வார். பொய்ச் சாட்சியால் வழக்கில் தோற்றவர் நீதிமன்ற வாசலில் நின்று வயிறெரிந்து சொல்வார். தண்டனை தள்ளிப்போகலாம், தப்பாது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கிறிஸ்தவ மறையும் இந்தத் தாமதத்தை ஒப்புக்கொள்கிறது. அதற்குச் சொல்லும் காரணம்தான் வேறு. ஒருவர்கூட அழிந்துபோகக் கூடாது, எல்லாரும் திருந்தி வர வேண்டும் என்பதற்காகவே கடவுள் நின்று பார்க்கிறார் என்கிறது பேதுருவின் இரண்டாம் நிருபம். தாமதம் என்று மனிதர்கள் எண்ணுவது அவர்களுக்கே கொடுக்கப்பட்ட அவகாசம் என்பது அந்த நிருபத்தின் வாதம்.

திருச்சிக் கோட்டைப் பகுதி ஆலயங்களிலும் திருவெறும்பூர், கைலாசபுரம், துவாக்குடி வட்டாரச் சபைகளிலும் இந்தப் போதனை ஆண்டுதோறும் ஒலிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள், மற்றவர்கள் அட்வெந்து என்பார்கள். விழித்திருக்கும்படியும் ஆயத்தமாயிருக்கும்படியும் அழைப்பு விடும் நாட்கள் அவை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், இன்னும் ஓர் ஆண்டு உயிரோடு விட்டுவைத்ததற்கு நன்றி சொல்லாத ஜெபம் இருக்காது.

அந்த நன்றிக்குள் ஒரு கடினமான அறக்கேள்வி மறைந்திருக்கிறது. தவறு செய்தவனுக்குக் கடவுள் அவகாசம் கொடுக்கிறார். அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தவறுக்கு ஆளானவர் என்ன செய்வது? கூலி பாக்கி வைத்த முதலாளி திருந்த இன்னும் ஓர் ஆண்டு கிடைத்தது என்றால், கூலி கிடைக்காத குடும்பத்துக்கு அதே ஆண்டு எப்படிக் கழியும்? கடவுளின் பொறுமையை ஒருவர் அனுபவிக்க, அதற்கான செலவை இன்னொருவர் சுமக்கிறார் என்றால், அந்தப் பொறுமையை நியாயம் என்று எப்படிச் சொல்வது? தீர்ப்புக்கு ஆயத்தமாவது என்றால் என்ன என்பதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்ததுதான்.

தோட்டக்காரன் கேட்ட அவகாசம்

இயேசு சொன்ன உவமைகளில் இறைப் பொறுமையை நேராகத் தொடுவது, லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமை. தோட்டத்துச் சொந்தக்காரர் மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்து ஏமாந்துபோகிறார். நிலத்தை வீணாக அடைத்துக்கொண்டு நிற்கும் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரன் குறுக்கிட்டு இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறான். மரம் பிறகு காய்த்ததா இல்லையா என்று உவமை சொல்லவில்லை.

பிரசங்கங்களில் பெரும்பாலும் அந்த ஓராண்டுதான் பேசப்படுகிறது. தோட்டக்காரன் அதை எப்படிக் கேட்டான் என்பதில்தான் அறம் இருக்கிறது. சுற்றிலும் கொத்தி, எரு போடப் போவதாக அவன் சொல்கிறான். வெறுமனே விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஒரு கெடுவையும் ஒப்புக்கொள்கிறான்: அடுத்த ஆண்டும் காய்க்காவிட்டால் வெட்டிவிடலாம். கொத்துகிறவனும் எரு சுமக்கிறவனும் அவனேதான். வேறொருவர் முதுகில் வேலையை ஏற்றிவிட்டு அவன் இரக்கம் காட்டவில்லை. என்ன செய்யப்போகிறோம், எதுவரைக்கும், யார் செலவில் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் அவன் அவகாசம் கேட்டான். இந்த மூன்றும் இல்லாத பொறுமையைச் சாக்கு என்றே சொல்ல வேண்டும்.

இந்தச் சாக்கை இயேசு இன்னோர் உவமையில் பெயர் சொல்லாமல் அடையாளம் காட்டுகிறார். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் வரும் வேலைக்காரன், எஜமான் வரத் தாமதமாகும் என்று தன் மனதுக்குள் கணக்குப் போடுகிறான். கணக்குப் போட்டதும் அவன் செய்யும் முதல் வேலை, சக வேலைக்காரர்களை அடிப்பது. எஜமானின் தாமதம் அவனுக்கு வசதி. அடிபடுகிறவர்களுக்கு அதுவே கொடுமை. தாமதத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதன் விளைவு பிறர் உடம்பில் விழும் அடி என்று அந்த உவமை சொல்வது கவனிக்கத்தக்கது. எஜமான் திரும்பி வந்ததும் கேட்கும் கணக்கும் அதைப் பற்றியதே.

யோனாவின் கோபம்

பழைய ஏற்பாட்டில் இறைப் பொறுமையை எதிர்த்து வாதாடியவர் யோனா. நினிவே நகரம் நாற்பது நாளில் கவிழும் என்று அறிவிக்கப்பட்டது; அரசன் முதல் கால்நடை வரை இரட்டுடுத்தி உண்ணாநோன்பிருந்தார்கள்; கடவுள் தண்டனையை விலக்கினார்; யோனாவுக்குக் கோபம் வந்தது. இந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது வழக்கம். அப்படி ஒதுக்குவதற்கு முன் நினிவே யாருடைய ஊர் என்று பார்க்க வேண்டும். அது அசீரியப் பேரரசின் பெருநகர். யோனாவின் சொந்த நாடான வட இஸ்ரயேலைக் கி.மு. 722இல் அழித்து, மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனது அதே அசீரியா. நினிவேக்குக் காட்டப்பட்ட பொறுமையின் விலையை யோனாவின் மக்கள் கொடுத்தார்கள் என்று வரலாற்றைப் படிக்கிறவர் சொன்னால், அதை எளிதில் மறுக்க முடியாது.

வேதாகமம் இந்தக் குரலை அடக்கிவிடவில்லை. யோனாவின் புத்தகமே கடவுள் யோனாவிடம் கேட்கும் கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் என்று கேட்கின்றன. அந்த ஓலத்தைப் பாவம் என்று அந்த நூல் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது. அறுவடை செய்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூப்பிடுகிறது, அந்தக் கூக்குரல் கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்று யாக்கோபின் நிருபம் பணக்காரர்களை எச்சரிக்கிறது. ஆக, பொறுமையைப் பற்றிப் பேசும் அதே மறை, பொறுமை தீர்ந்துபோனவர்களின் குரலையும் மறையின் பகுதியாகவே வைத்திருக்கிறது.

நினிவே தப்பியது எதனால் என்பதும் முக்கியம். நோன்பும் இரட்டும் மட்டும் போதும் என்று அந்த ஊர் அரசன் நினைக்கவில்லை. தங்கள் கைகளில் இருக்கும் கொடுமையை ஒவ்வொருவரும் விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டான். கை ஓங்குவது நின்றபோதுதான் பொறுமைக்குப் பலன் கிடைத்தது.

கணக்குப் போட்டவர்கள்

கடவுளின் பொறுமையை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் திருச்சபையில் மிகப் பழையது. 4ஆம் நூற்றாண்டில் பலர் ஞானஸ்நானத்தை மரணப் படுக்கை வரை தள்ளிப்போட்டார்கள். அதுவரை செய்த பாவமெல்லாம் கடைசி நேரத் தண்ணீரில் கழுவப்பட்டுவிடும் என்பது எண்ணம். கிறிஸ்தவத்தை ஆதரித்த முதல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் இறக்கும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார். இந்தப் பழக்கத்தைக் கண்டித்துத் திருச்சபைத் தந்தையர்களான பேசிலும் நாசியான்சுஸ் கிரகோரியும் பிரசங்கம் செய்தார்கள்.

கடைசி நேர மனந்திரும்புதல் செல்லாது என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வன் கடைசி மணித்துளியில் ஏற்கப்பட்டான். ஆனால் அவன் காலமெல்லாம் சிலுவையை எதிர்பார்த்து மனந்திரும்புதலை ஒத்திவைத்தவன் அல்ல. தவிர, அவன் கொள்ளையடித்தவர்களுக்கு அந்த மணித்துளியில் எதையும் திருப்பிக் கொடுக்க அவனால் முடியவில்லை. கை இரண்டும் ஆணியில் இருந்தன. மன்னிப்புக் கிடைத்தது, ஈடுகட்டும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்கு மாறாக, எரிகோவின் வரிவசூல்காரன் சகேயுவுக்குக் கை காலெல்லாம் வழங்கின. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் அவன் வீட்டில் வைத்தே சொன்னான். அந்த வீட்டுக்கு அன்றைக்கே மீட்பு வந்தது என்று இயேசு அறிவித்தார். தள்ளிப்போடுகிறவர் இழப்பது தம் மீட்பை மட்டும் என்றிருந்தால் அது அவர் பாடு. பாதிக்கப்பட்டவருக்கு வந்து சேர வேண்டியதும் அதோடு போகிறது என்பதால்தான் அது அறப் பிரச்சினையாகிறது.

1826, திருச்சிராப்பள்ளி

இந்தப் பிரச்சினையை அதன் முழுக் கனத்தோடு எதிர்கொண்ட ஊர் திருச்சி. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1762இல் இங்கே வந்தார். 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் எழும்பியது. அவர் வளர்த்த திருச்சி, தஞ்சைச் சபைகளில் சாதியும் கூடவே வந்து அமர்ந்தது. தனித்தனி இருக்கைகள் இருந்தன. நற்கருணை வாங்குவதில் முந்துகிறவர் யார், பிந்துகிறவர் யார் என்ற ஒழுங்கு இருந்தது. காலப்போக்கில் கரைந்துவிடும் என்று முதல் தலைமுறை மிஷனரிகள் பொறுத்துக்கொண்டார்கள்.

1826 மார்ச்சில் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தெற்கே வந்தார். தமிழ்நாட்டுச் சபைகளும் அன்று அவர் பொறுப்பில் இருந்தன. மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று தஞ்சாவூரில் ஆராதனை நடத்தினார். அவர் முன் வைக்கப்பட்ட வழக்குகளில் முக்கியமானது சாதி. புதிய மிஷனரிகள் கடுமை காட்டுகிறார்கள் என்று ஒரு தரப்பு முறையிட்டது. ஹீபர் மென்மையானவர். சாதியைச் சமூக அந்தஸ்து வேற்றுமையாகப் பார்க்க இடமுண்டா என்று யோசித்தார். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கருதினார். அந்த மாதமே திருச்சி மிஷனரி ஷ்ரைஃபோகலுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். விசாரணைக்கும் ஏற்பாடு செய்தார்.

தஞ்சையிலிருந்து திருச்சிக்கு வந்த ஹீபர் ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை தூய யோவான் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். மறுநாள் விடியற்காலையில் கோட்டை ஆலயத்துக்குப் போய், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயில் களைப்புத் தீரக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் குளிக்க இறங்கினார். நெடுநேரம் வெளியே வராததால் போய்ப் பார்த்தபோது நீருக்குள் இறந்து கிடந்தார். வயது 42. உடல் தூய யோவான் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. பிஷப் ஹீபர் கல்லூரியின் பெயரில் அவர் இன்றும் திருச்சியில் வாழ்கிறார்.

இந்தச் சாவைத் தண்டனை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அத்திமர உவமைக்குச் சற்று முன்பு, சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரை மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ண வேண்டாம் என்று இயேசுவே தடுத்திருக்கிறார். ஹீபர் சாகும் நாளின் காலைப் பொழுதிலும் கடமையில் இருந்தவர். ஆயத்தம் என்றால் இதுதான் என்று பலர் அவரை எடுத்துக்காட்டியது சரியே. ஆனாலும் ஓர் உண்மை மிச்சம் நிற்கிறது. அவர் தொடங்கிய விசாரணையை அவரால் முடிக்க இயலவில்லை. தனி ஆளாக அவர் ஆயத்தமாயிருந்தார். அவர் தலைமை தாங்கிய சபை ஆயத்தமாயில்லை. பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அதே பின்வரிசையில் காத்திருந்தார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 1833இல், அப்போதைய பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முழுதாகவும் ஒழிய வேண்டும் என்றார். தஞ்சையிலும் திருச்சியிலும் கொந்தளிப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். புதிய மிஷனரிகளின் இந்தப் போக்கைத் தஞ்சைப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் 1829இலிருந்தே எதிர்த்து எழுதிவந்தார். 1840இலிருந்து வந்த லைப்சிக் மிஷன், சாதியைப் படிப்படியாகத்தான் களைய முடியும் என்ற நிலையை எடுத்தது. வெளியேறியவர்களில் பலர் அங்கே இடம் கண்டார்கள்.

படிப்படியா, உடனடியா?

இரு தரப்பு வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். படிப்படி என்று சொன்னவர்கள் எல்லாரும் சாதி வெறியர்கள் அல்ல. கட்டளையால் மனம் மாறாது, ஆட்களைத் துரத்திவிட்டால் யாரிடம் போதிப்பது, கடவுளே பொறுக்கும்போது மனிதன் ஏன் அவசரப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். உடனடி என்று சொன்னவர்களின் ஆணைக்குப் பின்னும் சாதி மறையவில்லை என்பதும் உண்மை. சுற்றறிக்கையால் இருக்கை மாறலாம். திருமணப் பந்தமும் சாப்பாட்டுப் பந்தியும் எளிதில் மாறுவதில்லை.

இருந்தும், தோட்டக்காரனின் மூன்று கேள்விகளைப் படிப்படி வாதத்திடம் கேட்டால் அது தடுமாறுகிறது. இந்த இடைக்காலத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்? எதுவரைக்கும்? யார் செலவில்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் தயக்கமில்லாத பதில் உண்டு: ஒடுக்கப்பட்டவர் செலவில். முன்வரிசைக்காரர் மனம் மாறும் வரை பின்வரிசைக்காரர் பொறுக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. பின்வரிசைக்காரரிடம் சம்மதம் கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை.

கெடு இல்லாத அவகாசம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் திருச்சியிலேயே சாட்சி உண்டு. மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைத் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகள் ஒரு பக்கம், மற்றவர்களுடையவை மறுபக்கம் என்று ஒரு சுவர் பிரித்து நின்றது. அதை அகற்றக் கோரி இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. உயிர்த்தெழுதலையும் இறுதித் தீர்ப்பையும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறவர்கள், அந்தத் தீர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் உடல்களுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான தன் கொள்கையை வெளியிட்டது 2016 டிசம்பரில். வில்சனின் சுற்றறிக்கைக்கும் இதற்கும் இடையே 183 ஆண்டுகள். தோட்டக்காரன் கேட்டது ஒரே ஓர் ஆண்டு.

இங்கிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. எனக்குத் தீங்கு செய்தவனை நான் பொறுப்பது நற்பண்பு. பிறருக்குத் தீங்கு செய்தவனை அவர் சார்பில் நான் பொறுப்பது அதே பண்பு ஆகாது. என்னுடையது அல்லாத பொருளைத் தானம் செய்வது அது. அப்படியானால் கடவுள் பொறுப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? கிறிஸ்தவம் இதற்குச் சொல்லும் பதில் சிலுவை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சியில், பசித்தவனுக்கும் ஆடையில்லாதவனுக்கும் சிறையிலிருப்பவனுக்கும் செய்ததும் செய்யாததும் தமக்கே நேர்ந்தது என்று நீதிபதி சொல்கிறார். அங்கே நீதிபதியே பாதிக்கப்பட்டவராகவும் நிற்கிறார். ஒவ்வொரு அடியையும் தம் மேல் வாங்கிக்கொள்கிறவர் பொறுக்கிறார் என்றால், அப்படிப் பொறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அடியில் எந்தப் பங்கும் வாங்காதவர்களுக்கு, அடிபட்டவரைப் பார்த்து, கடவுளே பொறுக்கிறாரே, நீயும் பொறு என்று சொல்ல அந்த உரிமை கிடையாது.

சோதனைக்கு முன்பே

ஆயத்தம் என்பதைத் திருவெறும்பூர்க்காரர்களுக்கு விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பெல் என்று ஊரே அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1965 முதல் அங்கே இயங்குகிறது. அதைச் சார்ந்து அரியமங்கலம், துவாக்குடி வரை சிறு பட்டறைகள் பெருகின. ஒரு வெல்டிங் இணைப்பை வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று சீராக இருக்கும். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கலாம், கசடு மாட்டியிருக்கலாம், உலோகம் சரியாகக் கூடாமல் போயிருக்கலாம். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் குறை தெரிந்தால் அந்த இடத்தைக் கிரைண்டரால் அரைத்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்கிறார்கள். மறுபடி படம் எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் பிறகு, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீரை ஏற்றிச் சோதிக்கிறார்கள். எந்த இணைப்பை எந்த வெல்டர் போட்டார் என்பதற்கும் பதிவு இருக்கும். குறையைத் திருத்த இடம் கொடுப்பதெல்லாம் நீராவி ஏறுவதற்கு முன்புதான். நீராவி ஏறிய பிறகு அந்த இணைப்பு பிளந்தால், அடிபடுகிறவர் வெல்டர் அல்ல. எங்கோ ஒரு மின்நிலையத்தில் பக்கத்தில் நின்ற தொழிலாளி.

இறைப் பொறுமை கொடுப்பது அரைத்தெடுத்து மறுபடி போடும் அந்த நேரத்தைத்தான். நேரம் இருக்கிறது என்பதற்காகக் குறையோடு அனுப்புகிறவர், பொறுமையை மதிக்கவில்லை. அதை இன்னொருவர் உயிர்மேல் அடகு வைக்கிறார்.

ஆயத்தத்தைப் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களை இங்கே விலக்க வேண்டும். ஒன்று, உலகம் முடியும் நாளைக் கணித்துக்கொண்டு பயத்தில் வாழ்வது. அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்று மத்தேயு நற்செய்தி அடித்துச் சொல்லியும், தேதி குறிக்கிறவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறார்கள். முதல் நூற்றாண்டிலேயே தெசலோனிக்கேயாவில் சிலர் வேலையை விட்டுவிட்டு வீண்பொழுது போக்கினார்கள். உழைத்துச் சாப்பிடும்படி பவுல் அவர்களைக் கண்டித்தார். பயம் மனிதனைத் தன்னையே சுற்றிவரச் செய்கிறது. பிறர் கணக்கைப் பார்க்க விடுவதில்லை. மற்றொன்று, ஆயத்தம் என்பது ஆராதனை, நோன்பு, காணிக்கை இவற்றோடு முடிந்தது என்று எண்ணுவது. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கம் சொல்கிறது. வழக்குக்காரனோடு வழியிலேயே, சீக்கிரமாக, சமாதானமாகும்படியும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. கடவுளின் பொறுமையைப் பற்றி விரிவாகப் பேசும் நற்செய்தி, மனிதனின் பக்கம் வரும்போது சீக்கிரம் என்கிறது.

இப்படிப் பார்த்தால், தீர்ப்புக்கு ஆயத்தமாவது நாள் குறித்துக் காத்திருக்கும் வேலை அல்ல, அன்றாட வேலை. ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பவர், பில் வரட்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பில் வராதது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் எந்தத் தேதிக்குள், எவ்வளவு, அதுவரை தம் செலவில் எதைக் குறைத்துக்கொள்வார் என்பதைத் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதே ஆயத்தம். தங்கையின் பங்கைத் தராமல் பத்திரத்தைப் பூட்டி வைத்திருக்கும் அண்ணன், மருமகள் நகையை அடகுக் கடையில் வைத்துவிட்டு மறந்துபோன மாமியார், சபைக் கணக்கைக் காட்டாமல் ஆண்டுகளை ஓட்டும் பொருளாளர், சாதி பார்த்துத் திருமண ஓலையை மறுக்கும் விசுவாசி ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும். இவர்கள் ஒவ்வொருவரும் கடவுளிடம் இன்னும் ஓர் ஆண்டு கேட்கலாம், கேட்பது தப்பில்லை. கேட்கும்போது மண்வெட்டி தம் கையில் இருக்க வேண்டும்.

எல்லாப் பாக்கியையும் ஒரே நாளில் தீர்க்க முடியாது என்பதும் நியாயம். சில கடன்கள் வளர்ந்துவிட்டன. சில காயங்களுக்கு உரியவர் இறந்துவிட்டார். சிலருடைய முகவரியே தெரியாது. அங்கேதான் இறைப் பொறுமையை நம்பி நிற்க இடமிருக்கிறது. தீர்க்க முடியாததை ஒப்புக்கொண்டு மன்றாடுகிறவனுக்கு அந்தப் பொறுமை அடைக்கலம். தீர்க்க முடிந்ததைத் தள்ளிப்போடுகிறவனுக்கு அதே பொறுமை நாளுக்கு நாள் ஏறும் குற்றப்பதிவு. ரோமர் நிருபத்தில் பவுல் எச்சரிப்பது இதைத்தான்: கடவுளின் தயவை அசட்டை செய்கிறவன் தனக்கென்று கோபத்தைச் சேமித்து வைக்கிறான்.

ஆகவே, முதலில் கேட்ட கேள்விக்கு இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். கடவுளின் பொறுமை நியாயமானது, அதன் செலவை அவரே ஏற்பதால். மனிதன் கேட்கும் அவகாசம் நியாயமாவது, வேலையும் கெடுவும் சொந்தச் செலவும் அதில் இருந்தால் மட்டுமே. பாதிக்கப்பட்டவரைக் காத்திருக்க வைத்துவிட்டுத் தீர்ப்புக்கு ஆயத்தமாயிருப்பதாக எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. சபையும் சொல்லிக்கொள்ள முடியாது. உங்களால் காத்திருக்க வைக்கப்பட்டவர் ஒருவராவது இருப்பார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆராதனைக்குப் போவதற்கு முன் அவரிடம் போங்கள்; கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள்.